கயிறும் முளையும் கற்பிக்கும் கணிதம்

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. அவ்வாக்கை நினைவுகூர விருத்தாசலத்தைக் காட்டிலும் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயர் பூண்ட இவ்வூரில் சுந்தரமூர்த்தி நாயனார் தாம் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராண வரலாறு. ஆற்றில் இடுமுன், பின்னர் ஒப்பிட்டுப் பார்க்கும் பொருட்டு, அப்பொன்னில் ஒரு துண்டை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார் என்றும் கூறுவர். இறைவன் தந்த பொன்னுக்கே மாதிரி எடுத்து வைத்த ஊரில், அளவையும் சரிபார்த்தலையும் பற்றிப் பேசுவது மிகையாகாது.

அளவைக்கெல்லாம் தாயாக நிற்பது வடிவ கணிதம். முன்னாளில் க்ஷேத்திர கணிதம் என்று வழங்கிய இத்துறையை இந்நாளில் பள்ளி நூல்கள் வடிவியல் என்கின்றன. க்ஷேத்திரம் என்றால் நிலம். நிலத்தை அளக்கப் பிறந்த கலை, உழவர் வீட்டுப் பிள்ளைக்கு அச்சம் தரும் பாடமாக மாறியதேன்? பாவும் ஊடையும் பின்னிக் கட்டங்களையும் கரைகளையும் நாள்தோறும் படைக்கும் நெசவாளர் வீட்டுப் பிள்ளை, கட்டத்தாளைக் கண்டதும் மருள்வதேன்? இவ்வினாக்களை நம் சங்க அங்கத்தினர்கள் தங்கள் சொந்த வினாக்களாகக் கொள்ளல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இன்று பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் செய்முறை வடிவியல் வினா ஒன்றுக்கு 8 மதிப்பெண் உண்டு. வடிவொத்த முக்கோணம் வரைதல், வட்டத்திற்குத் தொடுகோடு வரைதல் போன்றவை அதில் அடங்கும். மாணவர் பலர் இவற்றை எவ்வாறு கற்கின்றனர்? முதலில் இக்கோடு, அடுத்து இவ்வில், பின்னர் அப்புள்ளி என்று படிகளை நெட்டுருச் செய்கின்றனர். மதிப்பெண் வருவதும் உண்டு; பொருள் விளங்குவதில்லை. தேர்வு முடிந்த மறுநாள் கவராயம் பெட்டிக்குள் உறங்கிவிடுகிறது. பின்னொரு காலத்தில் தன் நிலத்தின் பரப்பைத் தானே காண முடியாமல் அதே மாணவன் பிறர் சொல்லும் கணக்கை நம்பி நிற்கிறான்.

அளந்தும் தவறும் கணக்கு

இதனால் விளையும் நட்டத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். நான்கு வரப்புகள் கொண்ட ஒரு துண்டு நிலம். எதிரெதிர் வரப்புகள் சமம். ஒரு பக்கம் 220 அடி, மறுபக்கம் 200 அடி. நீளத்தை அகலத்தால் பெருக்கினால் 44,000 சதுர அடி வரும். ஒரு செண்டு 435.6 சதுர அடியாதலால், இது 101 செண்டு. ஏக்கருக்குச் சற்றே மேல் என்று முடிவு கட்டி, உழவுக்கூலியும் அறுப்புக்கூலியும் குத்தகையும் அக்கணக்கிலேயே பேசப்படுகின்றன. விதையும் உரமும் அக்கணக்கிலேயே வாங்கப்படுகின்றன.

ஆனால் நிலம் சாய்வான வடிவுடையதாய் இருந்தால்? 220 அடி வரப்புகள் இரண்டிற்கும் இடையே செங்குத்தான தூரம் 160 அடியே என்று கொள்வோம். அப்பொழுது பரப்பு 35,200 சதுர அடி. ஏறத்தாழ 81 செண்டு. வரப்புகள் நான்கையும் ஒழுங்காக அளந்தும், 20 செண்டு இல்லாத நிலத்திற்குக் கூலியும் குத்தகையும் கொடுத்தாயிற்று! அளந்தவர் எவரையும் ஏமாற்றவில்லை. நான்கு பக்கங்களின் நீளம் தெரிந்தால் பரப்பு தெரிந்துவிடும் என்னும் எண்ணமே ஏமாற்றியது.

இதனைச் சொற்பொழிவால் விளக்குவது கடினம். நான்கு ஈர்க்குகளால் விளக்குவது எளிது. 22 அங்குலத்தில் இரண்டும் 20 அங்குலத்தில் இரண்டுமாகத் தென்னங்குச்சிகளை நறுக்கி, சைக்கிள் வால்வுக் குழாய்த் துண்டுகளால் மூலைகளை இணைத்துக் குழந்தையின் கையில் கொடுங்கள். சட்டம் நேராக நிற்கும். ஒரு விரலால் தள்ளினால் சாயும். மேலும் தள்ளினால் ஒட்டியே போய்விடும். பக்கங்கள் மாறவில்லை, உள்ளிருந்த இடம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. இதைக் கையால் கண்ட குழந்தை, வரப்பு நீளங்களை மட்டும் பெருக்கும் தவற்றை வாழ்நாளில் செய்யாது.

அடுத்து, எதிர்மூலைகள் இரண்டையும் சேர்த்து ஐந்தாவது குச்சி ஒன்றைக் கட்டச் சொல்லுங்கள். ஆடிய சட்டம் அசையாமல் நின்றுவிடும். நாற்கோணம் இரண்டு முக்கோணங்களாய்ப் பிரிந்தது. முக்கோணமோ மூன்று பக்கங்களும் உறுதியானபின் வடிவு மாறாதது. மேற்சொன்ன நிலம் செவ்வகமாய் இருந்திருந்தால் மூலைவிட்டம் 297 அடி இருக்கும். சாய்ந்த நிலத்தில் குறுகிய மூலைவிட்டம் 189 அடியே வரும். ஆகவே மூலைவிட்டத்தையும் அளந்தவனை எவரும் ஏய்க்க இயலாது. தமிழகத்தின் நில அளவையே மூலைவிட்டம் இட்டு, அதிலிருந்து செங்குத்துத் தூரங்களை எடுக்கும் முறையில் அமைந்தது. புலப்படத்தில் காணும் கோடுகள் நில அளவையருக்கு மட்டுமே விளங்கும் மறைபொருள் அல்ல. ஐந்து குச்சிகளைக் கட்டிய சிறுவனுக்கும் அவை விளங்கும்.

சென்னையில் பிறந்த நூல்

கையால் செய்து வடிவ கணிதம் கற்றல் புதுமையன்று. வேள்விக் குண்டங்களை அமைக்க எழுந்த சுல்ப சூத்திரங்கள் கயிற்றைக் கருவியாகக் கொண்டவை. சுல்பம் என்னும் சொல்லே கயிற்றைக் குறிப்பது. கொத்தனார் இன்றும் மனை மூலை பார்க்கையில் ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 4 அடியும் குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று நோக்குகிறார். 1794-இல் சென்னையில் எட்டு மாணவருடன் தொடங்கிய நில அளவைப் பள்ளி, சங்கிலியும் கையுமாக இளைஞருக்குக் கணிதம் பயிற்றியது. அப்பள்ளியே வளர்ந்து கிண்டிப் பொறியியற் கல்லூரி ஆயிற்று.

நாம் சிறப்பாக நினைக்கவேண்டிய பெயர் ஒன்றுண்டு. வருவாய்த் துறையில் பணியாற்றிய தண்டலம் சுந்தரராவ் என்னும் கணித அன்பர், காகித மடிப்பால் வடிவ கணிதம் பயிலும் முறைபற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி 1893-இல் சென்னையில் வெளியிட்டார். ஜெர்மானியக் கல்வியாளர் பிரெடரிக் புரோபெல் தோற்றுவித்த குழந்தைப் பள்ளிகளில் காகித மடிப்பு ஒரு விளையாட்டு. அவ்விளையாட்டே சுந்தரராவுக்குத் தூண்டுகோலாயிற்று. சதுரத்தாள் ஒன்றை மடித்தே முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம் முதலியவற்றையும், அவற்றுக்கு அப்பாற்பட்ட வளைகோடுகளையும் காணலாம் என்று அவர் காட்டினார். ஜெர்மானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் அந்நூலைத் தம் நூலிற் குறிப்பிட்டார். 1901-இல் அது சிக்காகோவிலும் பதிப்பிக்கப்பட்டது. சென்னையில் தோன்றிய நூல் உலகெங்கும் பரவியது. நம் ஊர்ப் பள்ளிகளிலோ அவர் பெயரை அறிந்தவர் சிலரே.

அவர் வழியில் ஒரு மடிப்பை இங்கே கூறுவோம். சதுரத்தாளை இடமும் வலமும் பொருந்த இரண்டாக மடித்து விரித்தால் நடுவில் ஒரு மடிப்புக்கோடு விழும். கீழ் இடமூலையை அசையாமல் வைத்துக்கொண்டு, கீழ் வலமூலையைத் தூக்கி அந்நடுக்கோட்டின்மேல் படுமாறு மடியுங்கள். அது பட்ட இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அப்புள்ளியும் கீழ் மூலைகள் இரண்டும் சேர்ந்து மூன்று பக்கமும் சமமான முக்கோணம் ஆகும். ஏன்? தாளின் அடிப்பக்கமே தூக்கி மடிக்கப்பட்டதால் நீளம் மாறவில்லை. புள்ளி நடுக்கோட்டில் இருப்பதால் இருமூலைக்கும் சமதூரத்தில் உள்ளது. எனவே மூன்றும் சமம். ஐயம் தீர்ந்தது, அளவுகோல் வேண்டியிருக்கவில்லை.

இந்த "ஏன்" என்னும் வினாவே பாடத்தின் உயிர். மடித்தல் மட்டும் நிகழ்ந்து வினா எழாவிடின் அது பொழுதுபோக்கு. வினா மட்டும் எழுந்து கை சும்மா இருப்பின் அது நெட்டுரு. இரண்டும் கூடும்போதே கல்வி.

சென்னை முத்தியாலுப்பேட்டைப் பள்ளியில் கணிதம் கற்பித்த பி. கே. சீனிவாசன் இவ்வழியில் நீண்டநாள் உழைத்தவர். இராமானுஜன் பெயரால் 1993-இல் இராயபுரத்தில் அமைந்த கணித அருங்காட்சியகத்திற்கு அவரே உயிர்நாடியாய் விளங்கினார். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் தொடங்கிய அறிவியற் கல்வித் திட்டத்திற் பங்குகொண்ட அரவிந்த் குப்தா, தீக்குச்சியும் வால்வுக் குழாயும் கொண்டு வடிவங்கள் அமைக்கும் முறையைப் பரப்பினார். மேலே நாம் சொன்ன ஈர்க்குச் சட்டம் அதற்கு உறவினன்தான்.

தறியும் கோலமும்

ஒரு வடிவை இடம் மாற்றினாலும் திருப்பினாலும் எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று ஆராய்வதே வடிவ கணிதத்தின் சாரம் என்று, மேலே குறித்த பெலிக்ஸ் கிளைன் 1872-இல் கூறினார். நம் பள்ளி நூல்கள் இவ்வுருமாற்றங்களை இடப்பெயர்வு, எதிரொளிப்பு, சுழற்சி என மூவகையாகக் கூறும். இச்சொற்கள் நெசவாளருக்குப் புதியன, பொருள் பழையது.

குறிஞ்சிப்பாடிக் கைலியை எடுத்துக்கொள்வோம். நிற வரிசை ஒன்று முடிந்ததும் அதே வரிசை மீண்டும் தொடங்குகிறது. ஒரு கட்டம் அடுத்த இடத்திற்கு நகர்ந்து மறுபடி நிற்பதே இடப்பெயர்வு. சேலையின் இருகரைகளும் ஒன்றையொன்று நோக்கி நிற்பது எதிரொளிப்பு. ஜக்கார்டில் இவ்வறிவு பணமாகவும் மாறும். 120 கொக்கி கொண்ட கருவியில் நேராகக் கட்டினால் 120 இழை அகலமுள்ள பூவே அமையும். பூவின் இடப்பாதியும் வலப்பாதியும் கண்ணாடி உருவாய் இருப்பின், ஒரு கொக்கியே இருபுறத்து இழைகளையும் தூக்குமாறு கட்டி, ஏறத்தாழ 240 இழை அகலப் பூவை அதே கருவியில் பெறலாம். "பாதியை வரைந்தால் போதும், மீதியைக் கண்ணாடி வரையும்" என்பதைத் தந்தை சொல்லக் கேட்டு, கட்டத்தாளின் நடுக்கோட்டில் சிறு கண்ணாடியை நிறுத்திப் பார்க்கும் மகள், எதிரொளிப்பை எந்நாளும் மறவாள்.

வாசலில் அவள் இடும் கோலமோ சுழற்சிக்கு இலக்கணம். நான்கில் ஒரு பங்கு திருப்பினாலும் தோற்றம் மாறாத கோலங்கள் எத்தனை! தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணியும் அவருடன் ஆராய்ந்தோரும் கோலத்தின் இலக்கணத்தைக் கணிதமாக வகுத்து 1974-இல் வெளியிட்ட கட்டுரை, கணிப்பொறி அறிஞர்களால் இன்றும் எடுத்தாளப்படுகிறது. அறிஞர் வியந்த கணிதம் நம் வீட்டு வாசலில் அரிசிமாவாய்க் கிடக்கிறது.

முந்திரி பயிரிடும் அன்பர்களுக்கும் ஒரு சொல். விருத்தாசலத்து மண்டல ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய வி.ஆர்.ஐ. ரகங்களை நீங்கள் அறிவீர்கள். 7 மீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டால் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 204 கன்றுகள் கொள்ளும். அதே 7 மீட்டர் இடைவெளியைக் காத்து, சமபக்க முக்கோணமாக நட்டால், வரிசைகளுக்கு இடையே 6.06 மீட்டரே தேவை. ஏறத்தாழ 235 கன்றுகள் கொள்ளும். எம்மரமும் மற்றொன்றை 7 மீட்டருக்கு உட்பட்டு நெருங்காது. எம்முறை தம் நிலத்திற்கும் மரக் கவிப்புக்கும் ஏற்றது என்பதை வேளாண் அலுவலரைக் கேட்டுத் தெளிக. ஆனால் மூன்று சம முடிச்சிட்ட கயிற்றைக் கொண்டு முளையடித்துக் காட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் விடலாம். தாள் மடித்துக் கண்ட முக்கோணம் அங்கே தோட்டமாய் விரியும்.

சூளை கற்பிக்கும் பாடம்

தறியும் வயலும் கற்பிக்காத ஒரு பாடத்தை விருத்தாசலத்துப் பீங்கான் கற்பிக்கும். நெய்வேலிச் சுரங்கப் பகுதியின் களிமண் அருகிருந்ததால் வளர்ந்த தொழில் இது. அகல் விளக்கும் பொம்மையும் மின் உருகிக் கட்டையும் இவ்வூரின் பெயரை வெளியூர்களுக்குக் கொண்டுசென்றன. பீங்கான் தொழிலைப் பட்டயப் படிப்பாகக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் இங்கே உண்டு.

மண் உலரும்போதும் வேகும்போதும் சுருங்கும் என்பதை இவ்வூரில் யாவரும் அறிவர். சுருக்கம் மண்ணுக்கு மண், சூட்டுக்குச் சூடு மாறும். கணக்குக்காக நூற்றுக்குப் பத்து என்று கொள்வோம். வெந்தபின் 9 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள அகல் வேண்டுமெனில் அச்சு எவ்வளவு இருத்தல் வேண்டும்? ஒன்பதோடு பத்தில் ஒரு பங்கு கூட்டி 9.9 என்பார் பலர். அது வெந்தால் 8.91 ஆகும், கேட்ட அளவு வாராது. சரியான விடை 10. சுருக்கம் அச்சின் அளவில் கணக்கிடப்படுவது. வெந்த பொருளின் அளவில் அன்று.

கொள்ளளவைக் கருதின் வியப்பு மிகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தில் ஒன்பதாகின்றன. ஆகவே கொள்ளளவு ஆயிரத்தில் 729 ஆகிறது. பச்சை மண்ணில் 100 மில்லி எண்ணெய் கொள்ளும் அளவாயிருந்த அகல், வெந்தபின் 73 மில்லியே கொள்ளும். "பத்துத்தானே குறைந்தது" என்று நினைத்து ஒப்பந்தம் எழுதியவர், நாலில் ஒரு பங்குக்குமேல் இழந்து நிற்பார்.

பிள்ளைகளுக்கு இதனைக் காட்டும் வழி மிக எளிது. கனம் ஒத்த மண் பலகை ஒன்றில் ஆணியால் ஒரு முக்கோணம் கீறச் சொல்லுங்கள். பக்கங்கள் 10, 8, 6 சென்டிமீட்டர் இருக்கட்டும். கோணங்களையும் அளந்து குறித்துக்கொள்ளட்டும். பலகையைக் கோணாதவாறு நிழலில் ஆறவிட்டு, பெரியோர் ஒருவர் சூளையில் வைத்து எடுத்துத் தரட்டும். மறுபடி அளந்தால் பக்கங்கள் மூன்றும் ஒரே விகிதத்தில் குறைந்திருக்கும். கோணங்களோ முன்போலவே நிற்கும். பெரிய கோணம் செங்கோணமாகவே நிற்கும். பத்தாம் வகுப்பு நூல் வடிவொத்த முக்கோணம் என்று கூறுவது இதுவே! கவராயத்தால் வரைந்து பெறும் விடையைச் சூளை நெருப்பும் வரைந்து காட்டுகிறது.

ஓர் எச்சரிக்கை

தொழிலின் வழியாகக் கல்வி என்றதும் சிலர் ஐயுறுவர். அந்த ஐயத்திற்குக் காரணம் உண்டு. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்வைத்தார். 1953-இல் சென்னை மாநிலத்தில் வந்த மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டமோ, பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பயிலலாம் என்றது. அவரவர் குலத்தொழிலில் பிள்ளைகளைக் கட்டிவைக்கும் ஏற்பாடென்று அது கடுமையாக எதிர்க்கப்பட்டது. 1954-இல் காமராசர் ஆட்சி அதனைக் கைவிட்டது. அவ்வெதிர்ப்பின் நியாயத்தை நாம் மறத்தல் ஆகாது.

நாம் கூறுவது அதற்கு நேர்மாறானது. தறியில் பிள்ளையை உட்கார்த்த வேண்டா. தறியைப் பிள்ளைமுன் பாடநூலாக விரிக்கவேண்டும். நெசவாளர் மகன் சூளையை ஆராயட்டும். குயவர் மகள் நிலத்தை அளக்கட்டும். உழவர் பிள்ளை ஜக்கார்டு அட்டையைப் படிக்கட்டும். பள்ளி நேரத்தில் ஒரு நிமிடமும் குறையலாகாது. பிள்ளைகளின் உழைப்பில் ஒரு காசும் பெறலாகாது. அவர்கள் செய்தது விற்பனைக்கு வருமாயின், அன்றே இது கல்வியன்று எனக் கொள்க.

சங்கம் செய்யத்தக்கது

1844-இல் ராச்டேல் நகரில் கடை திறந்த நெசவாளர் முதலிய தொழிலாளர், பின்னர் உபரியில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கு ஒதுக்கினர். அனைத்துலகக் கூட்டுறவுக் கொள்கைகள் ஏழனுள் கல்வியும் ஒன்றாக இன்றும் நிற்கிறது. நம் சங்கக் கட்டிடங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டியே கிடக்கின்றன. மாதம் இருமுறை, இரண்டு மணி நேரம், அக்கூடத்தை அங்கத்தினர் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் என்ன? பழைய செய்தித்தாள், ஈர்க்கு, வால்வுக் குழாய், கயிறு, முளை, சிறு கண்ணாடி, ஒரு கூடை களிமண்: இவையே கருவிகள். துணைவிதிகளும் பேரவைத் தீர்மானமும் இடந்தரும் அளவில் பொதுநல நிதியிலிருந்து சிறுதொகை எடுத்தாலும் போதும். உள்ளூர்க் கணித ஆசிரியர் ஒருவரும், அனுபவமுள்ள நெசவாளர், கொத்தனார், அச்சுச் செய்வோர் ஆகியோரும் முறைவைத்து வந்தால் வகுப்பு தானே நடக்கும்.

முதல் மாதம் காகித மடிப்பு. இரண்டாம் மாதம் ஈர்க்குச் சட்டம். மூன்றாம் மாதம் கயிறும் முளையுமாய்ச் சங்க வளாகத்தையே அளத்தல். நான்காம் மாதம் கட்டத்தாளில் கரை வடிவம். ஐந்தாம் மாதம் மண் முக்கோணம். ஆறாம் மாதம் பிள்ளைகள் தாம் செய்தவற்றைப் பேரவைக் கூட்டத்தில் பெற்றோர்முன் விளக்கட்டும். விளக்கும்போது "ஏன்" என்று கேட்கும் உரிமை அங்கத்தினர் யாவர்க்கும் உண்டு, கேட்க அஞ்சவேண்டா.

கூட்டுறவு என்பது ஒருவர் கணக்கை மற்றவர் சரிபார்க்கும் உரிமையின்மீது நிற்பது. அவ்வுரிமை துணைவிதியில் எழுதப்பட்டிருந்தாலும், அளக்கத் தெரிந்தவருக்கே அது கைக்கு எட்டும். நாளை இச்சங்கங்களின் அங்கத்தினராக வரப்போகும் பிள்ளைகள், பிறர் சொன்ன பரப்பையும் பிறர் போட்ட விலையையும் கையெழுத்திட்டு ஏற்பவராக அன்றி, மூலைவிட்டத்தையும் அளந்து பார்ப்பவராக வளரட்டும். வருகிற பேரவைக் கூட்டத்தின் பொருள்நிரலில் இதனை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு நிர்வாகக் குழுவினரை வேண்டுகிறோம்.